எஃபெக்ட்ஸ் பெட்டியும் எங்க வீட்டு எதிரொலியும்

(வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் இளைஞர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசிய தோழர் மைக்கைப் பற்றி விரிவாகச் சொல்லிட்டார். எனக்குக் கொடுத்த தலைப்பு மல்டி எஃபெக்ட்ஸ் புராசஸர். பெயரைக் கேட்டால் ஏதோ ஆஸ்பத்திரி எந்திரம் மாதிரி இருக்கும். இதோ மேசை மேல இருக்கே, இந்தக் கருப்புப் பெட்டிதான் அது. செகண்ட் ஹேண்ட்ல 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். இடது பக்க அவுட் வேலை செய்யாது. வித்தவர் அதைச் சொல்லல, நானும் கேட்கல.

நான் ஒலிப் பொறியாளன் கிடையாது. வங்கியில் கிளார்க். பகல்ல கவுண்ட்டர்ல காசு எண்ணுறவன், ராத்திரியில கவிதை எழுதுறவன். சேமிப்புக் கணக்கு பற்றிக் கேட்டா இன்னும் கொஞ்சம் தைரியமா பேசுவேன். ஆனா இந்தப் பெட்டியை வச்சு நான் ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கேன். அந்தத் தப்பை நீங்க பண்ணிடக் கூடாதுன்னுதான் ஒத்துக்கிட்டு வந்தேன்.

முதல்ல இது என்ன செய்யுதுன்னு பார்த்துடுவோம். எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க. (தட்டுகிறார்கள்.) கேட்டீங்களா? தட்டி முடிச்ச பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் இருந்துச்சு. சுவர்ல, கூரையில, தரையில பட்டுப் பட்டுத் திரும்பி வருது. சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பதினேழு மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தா, போய்த் திரும்ப வினாடியில பத்துல ஒரு பங்கு ஆகும். அது தனியா எதிரொலியாக் கேட்கும். சுவர் கிட்டத்துல இருந்தா தனியாக் கேட்காது, ஆயிரக்கணக்கான சின்ன எதிரொலிகள் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரு புகை மாதிரி நிற்கும். அதைத்தான் ரிவெர்ப்னு சொல்றோம். கண்ணை மூடிக்கிட்டு ஒரு குரலைக் கேட்டாலே, அந்த ஆள் எங்க நின்னு பேசுறார், எவ்வளவு பெரிய இடம், சுவர் கல்லா ஓலையான்னு நம்ம காது சொல்லிடுது.

இதை அளந்து பார்த்தவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல புதுசாக் கட்டின ஒரு விரிவுரைக் கூடம் பயன்படாமக் கிடந்தது. ஒரு சொல் பேசினா அய்ந்தரை வினாடி அங்கேயே சுத்துது, அடுத்த சொல் அதுல முழுகிப் போகுது. சபைன் பக்கத்து அரங்கத்து நாற்காலி மெத்தைகளை ராத்திரி ராத்திரியாத் தூக்கிட்டு வந்து கூடத்துல அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கடிகாரத்துல பார்த்தார். விடியறதுக்குள்ள மெத்தைகளை எல்லாம் பழைய இடத்துலயே கொண்டு போய்ப் போடணும். ஆராய்ச்சின்னா சுமை தூக்கறதும்தான். அந்தக் கணக்கை வச்சுக் கட்டின பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900இல் திறந்தது.

ஆக எதிரொலி வேணும்னா இடம் வேணும். இடம் யார்கிட்ட இருக்கு? இந்தக் கேள்வியை மட்டும் வச்சுக்கிட்டு ஒலிப்பதிவோட வரலாற்றைப் பாருங்க. 1947இல் சிகாகோவுல பில் புட்னம் என்ற பொறியாளர் ஒரு குளியலறையில ஸ்பீக்கரும் மைக்கும் வச்சு, பாட்டை உள்ள அனுப்பி, எதிரொலியோட வெளிய எடுத்தார். அது நல்லா வரவே பெரிய கம்பெனிகள் எதிரொலிக்காகவே தனி அறை கட்ட ஆரம்பிச்சாங்க. மனுசன் குடியிருக்க முடியாத வெறும் அறை, சத்தம் மட்டும் குடியிருக்கும். 1957இல் ஜெர்மனியில இஎம்டி 140னு ஒண்ணு வந்தது. அறைக்குப் பதிலா ரெண்டு மீட்டர் நீள எஃகுத் தகடு. தகட்டை அதிர வச்சு எதிரொலி எடுக்கறது. அதோட எடை சுமார் 270 கிலோ. நாலு பேர் தூக்கினாலும் நம்ம வீட்டு வாசல்ல நுழையாது. 1976இல் அதே கம்பெனி இஎம்டி 250ஐக் கொண்டு வந்தது. முதல் டிஜிட்டல் ரிவெர்ப். தகடும் இல்லை அறையும் இல்லை, எல்லாம் கணக்கு. அந்தக் கணக்கோட அடிப்படையை 1960களின் தொடக்கத்துலயே பெல் ஆய்வகத்துல மன்ஃப்ரெட் ஷ்ரோடர் எழுதி வச்சிருந்தார். வந்த சத்தத்தை நினைவுல வச்சுக்கிட்டு, வெவ்வேறு நேரம் தாமதப்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத் திரும்பத் திரும்பச் சுத்த விடறது. அவ்வளவுதான் தத்துவம். விலை மட்டும் சுமார் 20,000 டாலர்.

அதுக்கு அப்புறம் பத்தே வருசம். 1985 வாக்குல யமஹா எஸ்பிஎக்ஸ் 90 வருது. ரிவெர்ப், டிலே, கோரஸ், ஃபிளாஞ்சர், கேட், கம்ப்ரஸ்ஸர்னு முப்பது பிரீசெட் ஒரே பெட்டியில. ஒரு நேரத்துல ஒண்ணுதான் போட முடியும், ஆனாலும் ஒரே பெட்டி, ஆயிரம் டாலருக்குள்ள. 1986இல் அலெசிஸ் கம்பெனியின் மிடிவெர்ப். 399 டாலர். அதை உருவாக்கின கீத் பார், நினைவுல வச்சுக்க வேண்டிய பெயர். ஸ்டுடியோக்காரனுக்கு மட்டும் கிடைச்சதை வீட்டுல பதிவு பண்றவனுக்கும் கொடுக்க முடியும்னு நினைச்சவர். 1989இல் அதே கம்பெனியின் குவாட்ராவெர்ப், ஒரே நேரத்துல நாலு எஃபெக்ட். நாலு டிராக் கேசட் ரெக்கார்டரான டியாக்கின் போர்ட்டாஸ்டுடியோ 1979லயே வந்தாச்சு. ரெண்டையும் சேர்த்து மேசை மேல வச்சா அது ஒரு ஸ்டுடியோ. அமெரிக்காவுல புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம், படுக்கையறையில இப்படி ஒரு கேசட் ரெக்கார்டர்ல பதிவானதுதான். கம்பெனி ஸ்டுடியோவுல மறுபடி முயற்சி செஞ்சு பார்த்துட்டு, வீட்டுக் கேசட்தான் நல்லா இருக்குன்னு அதையே வெளியிட்டாங்க.

270 கிலோ தகட்டுல இருந்து கையில தூக்கற பெட்டிக்கு வர முப்பது வருசம் ஆகல. இடம் இல்லாதவனுக்கும் இடம் கிடைச்சுடுச்சு. நல்ல சேதிதான். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

இப்ப பெட்டிக்குள்ள போவோம். மிடிவெர்ப்புல 63 பிரீசெட். எண்ணைத் தேர்வு செய்யலாம், ஆனா உள்ள எதையும் மாத்த முடியாது. கம்பெனிக்காரர் எப்படி வச்சாரோ அப்படித்தான். அதுக்கப்புறம் வந்த பெட்டிகள்ல மாத்தலாம். ஆனா நாம மாத்தறோமா? பெயர்களைப் பாருங்க. எந்தக் கம்பெனிப் பெட்டியைத் திறந்தாலும் இந்தப் பெயர்கள்தான் சுத்திச் சுத்தி வரும்: ஹால், லார்ஜ் ஹால், சர்ச், கதீட்ரல், சேம்பர், பிளேட், ரூம். ரூம்னு போட்டிருக்கானே, அதுவும் மரத்தளம் போட்ட, உயரமான கூரையுள்ள அறை. நம்ம ஊர்த் தொகுப்பு வீடு இல்லை. சதி எதுவும் கிடையாது. ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் உட்கார்ந்து செய்யறவங்க தங்களுக்குத் தெரிஞ்ச இடத்தைத்தான் போடுவாங்க. ஆனா அந்த எண்ணை அழுத்தறப்ப, உங்க பாட்டை அடுத்தவரோட இடத்துல கொண்டு போய் நிறுத்தறீங்க. அது தெரிஞ்சு செய்யணும்.

நான் தெரியாம செஞ்சேன்.

எங்க அம்மா செத்துப் போய், கருமாதி முடிஞ்ச மறுநாள். உறவெல்லாம் கலைஞ்சாச்சு. எங்க பெரியம்மா மட்டும் இருந்தாங்க. எங்க தெருவுல ஒப்பாரிக்கு அவங்கதான். நான் கேட்கவே இல்லை, அவங்களா சொன்னாங்க: "தம்பி, அன்னிக்கி கூட்டத்துல நான் சொன்னது ஒண்ணும் ஒன் காதுல வுழுந்திருக்காது. இப்பச் சொல்றேன், புடிச்சு வச்சுக்கோ." மைக், இந்தப் பெட்டி, லேப்டாப் மூணையும் எடுத்து வச்சேன். மைக்கைப் பெட்டியில செருகி, பெட்டியில இருந்து லேப்டாப்புக்கு விட்டேன். பிரீசெட் லார்ஜ் ஹால். நாற்பது நிமிசம் பாடினாங்க. ஹெட்போன்ல கேட்டுக்கிட்டு அழுதேன். அவ்வளவு பிரமாண்டமா இருந்துச்சு. சினிமாவுல வர மாதிரி இருந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு அவங்களுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டாங்க.

"யாருடா இது?"

"நீதான் பெரிம்மா."

"நான் இல்ல. கோயிலுக்குள்ள எவளோ அழுவுறாப்ல இருக்கு. நான் எப்படா உள்ள போனேன்?"

அதுக்கு நான் பதில் சொல்லல. மறுபடி போட்டுக் கேட்டப்பதான் எனக்கே உறைச்சது. அம்மா எந்தக் காட்டுல களை எடுத்தாங்க, எந்த ஆஸ்பத்திரி வாசல்ல எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாங்க, கடன் கொடுத்தது யாரு, திட்டினது யாருன்னு பெரியம்மா பெயர் பெயராச் சொல்லியிருக்காங்க. ஒப்பாரின்னா அழுகை மட்டும் இல்லை, அது ஒரு கணக்கு. மூணு வினாடி வால் உள்ள ஹால்ல அந்தப் பெயர்கள் எல்லாம் கரைஞ்சு போச்சு. க, ச, ட, த மாதிரியான எழுத்துகள்தான் சொல்லைப் பிரிச்சுக் காட்டுறது. முதல்ல முழுகறதும் அதுகதான். மிஞ்சினது 'ஆ'வும் 'ஓ'வும். துக்கம் கேட்குது, சேதி கேட்கல.

சரி, எஃபெக்டை எடுத்துடலாம்னு பார்த்தா எடுக்க முடியாது. ஏன்னா நான் பெட்டியை மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல வச்சுட்டேன். எஃபெக்ட் பாட்டோட சேர்ந்தே பதிவாயிடுச்சு. சோத்துல கொட்டின உப்பு மாதிரி. வெறும் குரல்னு தனியா எதுவும் என்கிட்ட இல்லை. ரிவெர்ப்பைக் குறைக்கற மென்பொருள்லாம் இப்ப இருக்கு, போட்டுப் பார்த்தேன். வாலைக் கொஞ்சம் குறைச்சது, கூடவே குரலையும் தகரமாக்கிடுச்சு.

அதனால தோழர்களே, இன்னிக்கு நான் சொல்றதுல ஒண்ணே ஒண்ணு எழுதிக்கிறதா இருந்தா இதை எழுதிக்கோங்க: குரலை வெறுசாப் பதிவு பண்ணுங்க. எஃபெக்டைப் பிறகு போடுங்க. மிக்ஸர்ல ஆக்ஸ் சென்ட்னு ஒரு திருகு இருக்கும். குரல்ல கொஞ்சத்தை மட்டும் அந்த வழியாப் பெட்டிக்கு அனுப்பி, பெட்டியில இருந்து வரதைத் தனி வழியில திரும்பக் கொண்டு வரணும். பெட்டியில மிக்ஸ்னு இருக்கறதை நூறு சதம் வெட்ல வையுங்க. வெறுங்குரல்தான் மிக்ஸர்ல நேரா வந்துக்கிட்டிருக்கே. மென்பொருள்லயும் இதே கணக்குதான், தனி டிராக்ல எஃபெக்டை வச்சு எல்லாத்தையும் அங்க அனுப்பறது. பாடறவருக்குக் கொஞ்சம் எதிரொலி இருந்தாதான் பாட வரும்னா, ஹெட்போன்ல மட்டும் கொடுங்க, பதிவுல வேண்டாம்.

பிறகு பெட்டியில ரெண்டு எண்ணை மட்டுமாவது தொட்டுப் பாருங்க. ஒண்ணு டிகே, அதாவது வால் எவ்வளவு நேரம். சொல் முக்கியமான பாட்டுக்கு ஒரு வினாடியிலயோ அதுக்குக் கீழயோ ஆரம்பிங்க. இன்னொண்ணு பிரீ டிலே. குரல் வந்து எவ்வளவு நேரம் கழிச்சு எதிரொலி கிளம்பணும்கிறது. இருபது, முப்பது மில்லி செகண்ட் கொடுத்தீங்கன்னா சொல் முதல்ல முன்னால வந்து நிற்கும், எதிரொலி பின்னால வரும். சுழியத்துல விட்டா ரெண்டும் ஒண்ணா நெருக்கிக்கிட்டு வரும். டிலே போடறதா இருந்தா பாட்டோட வேகத்துக்குக் கட்டுங்க. 60,000த்தை நிமிசத்துக்கு எத்தனை தட்டோ அதால வகுத்தா ஒரு தட்டோட நீளம் மில்லி செகண்ட்ல கிடைக்கும். 120 தட்டுன்னா 500. வங்கிக்காரன் சொல்றேன், இந்தக் கணக்கு தப்பாது. திருவிழா மைக் செட்டுல எக்கோ மிஷினைப் போட்டு "நன்கொடை... கொடை... கொடை"ன்னு அறிவிப்பு வரும் பாருங்க, அது கணக்குக் கட்டாத டிலே.

அடுத்தது பறை. இதுல கோபமாவே பேச வேண்டியிருக்கு. எங்க நண்பர்கள் குழு ஒரு சின்ன ஊர் ஸ்டுடியோவுல, மணிக்கு இவ்வளவுன்னு காசு கட்டிப் பறையைப் பதிவு பண்ணாங்க. வெளிய நெருப்பு மூட்டிக் காய்ச்சி எடுத்துட்டு வந்து அடிக்கறாங்க. பதிவைக் கேட்டா, அடிக்குச்சி மட்டும் 'தம் தம்'னு விழுது, இடது கைச் சிண்டுக்குச்சியைக் காணோம். பாதிப் பறை இல்லை. கேட்டா அந்தப் பொறியாளர் சொல்றார்: "உங்க வாத்தியம் அப்படித்தான்ங்க, டீடெயில் இருக்காது." வாத்தியத்துல இல்லை அய்யா கோளாறு. பெட்டியில டிரம்ஸ் பிரீசெட் போட்டிருக்கார். அதுல நாய்ஸ் கேட் இருக்கு. கேட்னா வாசல்தான். இவ்வளவு சத்தத்துக்கு மேல வந்தா திறக்கும், குறைஞ்சா சாத்திக்கும். டிரம் செட்டுல பக்கத்து டிரம்மோட கசிவை அடைக்கறதுக்காக வச்சது. மெலிசான சிண்டு அடிகள் எல்லாம் அந்தப் படிக்குக் கீழ. ஒவ்வொண்ணா வாசல்லயே நிறுத்திடுச்சு.

கம்ப்ரஸ்ஸரும் அப்படித்தான். அது உரத்த சத்தத்தை அமுக்கும். நாலுக்கு ஒண்ணுன்னு வச்சா, எல்லையைத் தாண்டி நாலு டெசிபல் ஏறினது ஒண்ணாக் குறையும். எவ்வளவு வேகமா அமுக்கணும்கிறது அட்டாக். ரொம்ப வேகமா வச்சா, தோல்ல குச்சி படற அந்த முதல் 'சடக்'கையே அமுக்கிடும். அட்டாக்கை இருபது, முப்பது மில்லி செகண்டுக்குத் தள்ளி வச்சா குச்சி பட்டது பட்டதாக் கேட்கும், அதுக்குப் பின்னால வர கார்வைதான் அமுங்கும். கேட்டை மொத்தமா எடுத்துட்டு, கம்ப்ரஸ்ஸரை இப்படி வச்சு, ரிவெர்ப்பைத் தொடாம மறுபடி பதிவு பண்ணோம். சிண்டு வந்துச்சு. இத்தனைக்கும் அதே பெட்டி, அதே மைக்.

இந்த இடத்துல ஒருத்தரைப் பற்றிச் சொல்லாம இருக்க முடியாது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்துல, வாட்டர்ஹவுஸ்னு ஏழைக் கறுப்பர்கள் வாழற பகுதி. ஆஸ்போர்ன் ருடக், 1941இல் பிறந்தவர். உலகத்துக்கு அவர் கிங் டப்பி. தொழில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கறது. தெருவில் பாட்டுப் போடற சவுண்ட் சிஸ்டம் வச்சிருந்தார். 1970களின் தொடக்கத்துல ஒரு பெரிய ஸ்டுடியோ கழிச்சுக் கட்டின நாலு டிராக் மிக்ஸரை வாங்கி அம்மாவோட வீட்டு முன்னறையில வச்சார். பாடறவங்க நிற்கறது குளியலறையில. அப்ப மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டின்னு ஒண்ணு பிறக்கவே இல்லை. அவரே செஞ்சார். டேப்பைச் சுத்த விட்டு டிலே. வீட்டு ரேடியோவுக்கு விக்கற ஸ்பிரிங் ரிவெர்ப்பைப் பிரிச்சு மாத்திக் கட்டினது ஒண்ணு. மிக்ஸர்ல இருந்த ஒரு ஃபில்டர் திருகு. பதிவான பாட்டை எடுத்து, குரலை நிறுத்தி, ஒரே ஒரு சொல்லை மட்டும் எக்கோவுல எறிஞ்சு, தாளத்தைத் தனியா விட்டு, திருகற கையே வாசிக்கற கையா ஆக்கினார். அதுக்குப் பெயர் டப். பின்னால உலகம் முழுக்க வந்த ரீமிக்ஸ், மின்னணு நடன இசை எல்லாம் அந்த முன்னறைக்குக் கடன்பட்டது. 1989 பிப்ரவரி 6 அன்னிக்கு அவர் வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க.

அவர் எதிரொலியை நிஜ இடம் மாதிரிக் காட்ட முயற்சி பண்ணவே இல்லைங்கிறதைக் கவனிங்க. அவரோட எக்கோ எந்த ஹாலோட எக்கோவும் இல்லை. ஸ்பிரிங் பெட்டியை உதைச்சு இடி இடிக்க வைப்பாங்க. பழுது பார்க்கறவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்னு நினைக்கிறேன். உள்ள என்ன இருக்குன்னு பார்த்தவருக்குப் பிரீசெட் மேல பயம் இருக்காது.

இப்ப உங்க நிலைமை. பழைய பெட்டி வாங்கறதா இருந்தா அடாப்டரைப் பார்த்து வாங்குங்க. அலெசிஸோட பழைய பெட்டிகள் 9 வோல்ட் ஏசி கேட்கும். கையில இருக்கற டிசி அடாப்டரைச் செருகிட்டுப் பெட்டி செத்துடுச்சுன்னு அழாதீங்க. நினைவு வைக்கற பேட்டரி உள்ள இருக்கும், அது தீர்ந்தா நீங்க செஞ்சு வச்ச பிரீசெட் எல்லாம் போயிடும், அதனால எண்களை நோட்டுல எழுதி வையுங்க. நான் அப்படித்தான், ஒரு பேரேட்டு நோட்டு வச்சிருக்கேன். பெட்டியே வாங்காம இருந்தாலும் குடி முழுகாது. ரீப்பர் மாதிரி மென்பொருளோடயே இந்த எஃபெக்ட் எல்லாம் வருது. அதுலதான் எனக்கு ஒரு வழி கிடைச்சது.

கான்வல்யூஷன் ரிவெர்ப்னு பெயர். கணக்குல இடத்தைக் கற்பனை பண்றது இல்லை, இருக்கற இடத்தையே படியெடுக்கறது. ஓர் அறையில பலூனை வெடிச்சு, அந்த அறை என்ன பதில் சொல்லுதுன்னு பதிவு பண்ணி, அந்தப் பதிவை மென்பொருள்ல ஏத்தினா, எந்தக் குரலையும் அந்த அறையில நிறுத்தலாம். எந்த அறையையும்.

பெரியம்மாகிட்ட மறுபடி பாடச் சொல்லிக் கேட்டேன். "ஒரு சாவுக்கு ரெண்டு தடவ எப்படிடா அழுவறது?"ன்னாங்க. நியாயம்தானே. பேசாம வந்துட்டேன். அம்மாவோட முதல் வருசப் படையல் அன்னிக்கு, படைச்சு முடிச்சதும் அவங்களே கூப்பிட்டாங்க. "அந்தப் பொட்டி வேணாம்" அப்படின்னாங்க. வேண்டாம்னு சொல்லிட்டு, கொடியில போர்வைகளைத் தொங்க விட்டு, மைக்கைக் கிட்ட வச்சு வெறுங்குரலாப் பதிவு பண்ணேன். இந்தத் தடவை இருபது நிமிசம்தான். பழைய பதிவுல இருந்த சில பெயர்கள் இதுல இல்லை. மறந்துட்டாங்களா, வேண்டாம்னு விட்டுட்டாங்களான்னு நான் கேட்கல.

மறுநாள் போர்வையை எல்லாம் எடுத்துட்டு, அதே தொகுப்பு வீட்டுல, பத்துக்குப் பத்து அறையில, அம்மா படுத்திருந்த இடத்துல மைக்கை வச்சுப் பலூனை வெடிச்சேன். தெருப் பசங்க எல்லாம் ஜன்னல்ல. அரை வினாடி கூட இல்லை, சட்டுனு முடிஞ்சுடுச்சு. ஆனா அலமாரியில அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுங்க மெல்லிசா முனகினது அதுல பதிவாயிருக்கு. அந்தப் பதிவைப் பெரியம்மா குரலுக்குப் போட்டுக் காட்டினேன்.

காது கொடுத்துக் கேட்டுட்டுச் சொன்னாங்க: "இது நம்ம வூடு. அந்தத் தட்டை யாருடா ஆட்டறது, எடுத்து உள்ள வைக்கச் சொல்லு."

தட்டை நான் எடுக்கல. அந்த ரெண்டு பதிவையும் இங்க கொண்டு வந்திருக்கேன். கூடவே ஒரு பாக்கெட் பலூனும் இருக்கு. இந்த அறையை முதல்ல பிடிச்சுடலாம். பின்னால இருக்கற தோழர் ஃபேனை மட்டும் நிறுத்துங்க.